எடை குறைகிறது, வயிறு குறையவில்லை: அளவு நாடாவை எங்கே வைப்பது, தட்டில் எதை மாற்றுவது

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மழை நாளில் கூடை நிறையும் முன்பே தராசு கூடுதலாகக் காட்டிவிடும். கணக்கப்பிள்ளையோ ஈரத்துக்கென்று கொஞ்சத்தைக் கழித்துவிட்டுத்தான் புத்தகத்தில் எழுதுவார். அந்தக் கழிப்பு நியாயமானதா என்பது தனி வழக்கு; மடுவத்துக்கு வெளியே அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. நமக்கு இங்கே வேண்டியது அதன் பின்னால் இருக்கும் உண்மை மட்டுமே. தராசு மொத்த நிறையைச் சொல்லுமே தவிர, அதில் இலை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. உணவைக் கட்டுப்படுத்தத் தொடங்கி மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தும் பாவாடை நாடா பழைய இடத்திலேயே முடிச்சு விழுகிறது என்று கவலைப்படுகிறவர்களும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: போன ஐந்து கிலோவில் கொழுப்பு எவ்வளவு?

அதற்கும் முன்னால், வயிறு உண்மையிலேயே குறையவில்லையா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நான் இதில் ஏமாந்தவள். உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய அன்று அம்மாவின் தையல் மெஷின் லாச்சியில் கிடந்த துணி நாடாவால் அளந்து 88 சென்ரிமீற்றர் என்று கொப்பியில் எழுதிவைத்தேன். எண்கள் பாதி அழிந்துபோன, இருபது வருடங்களுக்கு மேல் இழுபட்ட நாடா அது. மூன்று மாதம் கழித்து ஹட்டன் டவுனில் புதிய நாடா ஒன்றை வாங்கி வந்து அளந்தபோதும் அதே 88. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இரண்டு நாடாக்களையும் மேசையில் பக்கத்தில் பக்கமாக விரித்துப் பார்த்த பிறகுதான் விடயம் விளங்கியது: பழைய நாடாவின் 88, புதிய நாடாவின் 91க்கு நேராக வந்து நின்றது. துணி நாடா இழுபடும்போது கோடுகளுக்கு இடையிலான தூரம் கூடுகிறது; அதனால் அது அளவைக் குறைத்தே காட்டும். எனக்கு மூன்று சென்ரிமீற்றர் குறைந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. ஆகவே இழுபடாத நாடா ஒன்றை எடுத்து, பிள்ளைகளின் அடிமட்டத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசி வரை அதே நாடாவையே பாவியுங்கள்.

அடுத்த பிழை நாடாவை வைக்கும் இடத்தில் நேர்கிறது. இதற்கு நம்முடைய மொழியும் கொஞ்சம் காரணம். குடம் வைப்பதும் இடுப்பு, பிள்ளை தூக்குவதும் இடுப்பு, பாவாடை கட்டுவதும் இடுப்பு என்று விலா எலும்புக்குக் கீழிருந்து தொடை தொடங்கும் இடம் வரை எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். ஆண்களோ தொப்பைக்குக் கீழே பெல்ட்டை இறக்கிக் கட்டிவிட்டு, பத்து வருடமாகத் தமக்கு 34 அங்குல இடுப்புத்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெல்ட்டின் ஓட்டையும் பாவாடை நாடாவின் முடிச்சும் எலாஸ்டிக் வைத்த காற்சட்டையும் இந்த விடயத்தில் சாட்சிகளாக மாட்டா. அளக்க வேண்டியது வயிற்றுச் சுற்றளவை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை இது. காலையில் கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, எதையும் சாப்பிடுவதற்கு முன்பாக, சுவெட்டரையும் உள்ளே போட்டிருப்பதையும் விலக்கிவிட்டு, பாதங்களைச் சேர்த்து வைத்து நேராக நில்லுங்கள். பக்கவாட்டில் விரலால் அழுத்திப் பார்த்துக் கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்தையும், இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் சரி நடுவில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியின் மேலாக நாடாவைச் சுற்ற வேண்டும். தொப்புள் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டாம். சிலருக்குத் தொப்புள் அந்தக் கோட்டுக்குக் கீழே தொங்கியிருக்கும். பின்பக்கம் நாடா கீழே சரியாமல் தரைக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு, அந்த நிலையில் அளவை எடுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கவும் வேண்டாம், நாடாவைத் தோலில் பதியும்படி இறுக்கவும் வேண்டாம். இரண்டு முறை அளந்து ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்பவும் அளக்க வேண்டும். தினமும் அளப்பது மனதைக் கெடுக்குமே தவிர வேறொன்றும் தராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மாதவிடாய் வரும் பெண்கள் மாதத்துக்கு ஒருமுறை, சுழற்சியின் அதே நாட்களில் அளப்பது இன்னும் நல்லது, ஏனெனில் மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வயிற்றை ஊதிக் காட்டும்.

தென்னாசியர்களுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்ரிமீற்றர் என்பது எச்சரிக்கைக் கோடாகக் கொள்ளப்படுகிறது. இதைவிட எளிய கணக்கு, வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது. 152 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணுக்கு அது 76. எடை குறையும்போது சராசரியாக ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஆளுக்கு ஆள் இது வேறுபடும். ஐந்து கிலோ போய் மூன்று சென்ரிமீற்றர் மட்டும் குறைந்த என் கணக்கில் மிச்சம் எங்கே போனது என்று தேடிப் பார்த்ததில் இரண்டு இடங்கள் அகப்பட்டன.

ஒன்று தண்ணீர். நம் உடம்பு மாச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் ஈரலிலும் தசைகளிலும் சேர்த்து வைக்கிறது. எல்லாம் சேர்ந்தாலும் அது அரைக் கிலோ அளவுதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைக் கட்டி வைத்திருக்கிறது. சோற்றையும் ரொட்டியையும் திடீரென்று நிறுத்தியவுடன் உடம்பு அந்தச் சேமிப்பைக் கரைக்க, நீரும் சேர்ந்து வெளியேறும். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ போய்விட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது பொய்யல்ல. ஆனால் அது ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாடுவதைப் போன்ற எடைக் குறைவு. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து தேவைப்படுவது அதிலுள்ள நீர் போய்விடுவதால்தானே? வியர்வைக்காக வயிற்றில் சுற்றும் பெல்ட்டுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு போத்தல் தண்ணீர் குடித்தால் காசு கொடுத்துக் குறைத்த எடை திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது இடம் தசை. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் பக்கத்து உணவுக் கட்டுப்பாடு பெரும்பாலும் இங்கேதான் பிழையாகிப்போகிறது. டயட் என்றவுடன் காலையில் ரொட்டியை விட்டுவிட்டுச் சாயத்தண்ணி, பகலில் அரைத் தட்டுச் சோறும் கரட் சம்பலும், இரவில் இரண்டு கிரீம் கிரேக்கர் என்று இருந்துவிடுகிறோம். குறைத்தது என்னவோ மாச்சத்தைத்தான் என்றாலும் தட்டில் புரதமும் கூடவே காணாமல் போகிறது. தோட்டத்துச் சாப்பாட்டில் புரதத்தின் பெரும் பங்கே கோதுமை மாவிலிருந்தும் அரிசியிலிருந்தும் வருகிறது: 200 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. ரொட்டியைக் குறைத்துவிட்டு அதற்கு ஈடாக எதையும் வைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே உடைத்து எரிக்கும். கையும் தொடையும் மெலியும், முகம் வாடும், வயிறு மட்டும் அப்படியே நிற்கும். "மெலிஞ்சிட்டியே, சுகமில்லையா?" என்று கேட்கிறார்களே தவிர "வயிறு இறங்கிட்டுதே" என்று யாரும் சொல்வதில்லை என்றால், காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் கிடைப்பது நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 60 முதல் 72 கிராம். இதற்காகக் கடையில் விற்கும் புரத மாவு டின்னை வாங்க வேண்டியதில்லை. சமைக்காத மைசூர்ப் பருப்பு 50 கிராமில் 12 கிராம் புரதம் உண்டு, ஒரு முட்டையில் 6. காய்ந்த சோயாமீட் 25 கிராமில் 12 கிராமுக்குக் குறையாது; நெத்தலிக் கருவாடு ஒரு சிறு கைப்பிடி போட்டால் அதிலும் பத்துக் கிராமுக்கு மேல் கிடைக்கும். பருப்பைத் தண்ணீராகக் கரைத்துச் சோற்றின் மேல் ஊற்றும் பழக்கத்தை விட்டுக் கெட்டியாக வையுங்கள். இரண்டு ரொட்டி சாப்பிட்ட இடத்தில் ஒரு ரொட்டியும் அவித்த கடலை ஒரு கோப்பையும் வைத்தால் பசியும் அடங்கும். கருவாட்டையும் நெத்தலியையும் வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்று சொல்லப்படும் நிலையில் ஒரு நேரக் கருவாட்டுக் குழம்பே அதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும், உப்பு கூடினால் உடம்பில் நீரும் தங்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இனித் தேத்தண்ணி. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் இருந்துகொண்டு தேநீரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தேநீரில் குற்றமும் இல்லை, குற்றம் சீனியில்தான். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிச் சீனி நான்கு கிராம். இரண்டு கரண்டி வீதம் ஐந்து கோப்பை குடித்தால் 40 கிராம், அதாவது 160 கலோரி. வாயில் மென்று எதுவும் சாப்பிடாததால் இது கணக்கில் வருவதே இல்லை. நாள் முழுவதற்கும் 25 கிராம் அளவுக்குள் சீனியை நிறுத்திக்கொள்வதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத்தண்ணி குடிக்கும் பழைய வழக்கம் இங்கே உதவும்: கோப்பைக்குள் போட்டால் இரண்டு கரண்டி, கையில் வைத்தால் அரைக் கரண்டியே போதும். கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டால் கலோரி இல்லை என்று நினைக்க வேண்டாம், அதுவும் சர்க்கரைதான். பத்து மணித் தேத்தண்ணியோடு வரும் பணிஸும் ரோல்ஸும் எந்தக் கணக்கில் சேரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மது அருந்துகிறவர்கள் தங்கள் வயிற்றுக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதும் இல்லை.

கொழுப்புக் குறைந்தும் நாடாவில் தெரியாமல் போக இன்னொரு வழி உண்டு. வயிற்றுக்குள் இருப்பது கொழுப்பு மட்டுமல்ல. வாயுவும் மலமும் சேர்ந்து காலைக்கும் மாலைக்கும் இடையில் சுற்றளவைச் சில சென்ரிமீற்றர் மாற்றிவிடும். டயட் தொடங்கியவர் சோற்றைக் குறைத்துக் கோவா, லீக்ஸ், கடலை, பயறு என்று ஒரே நாளில் அள்ளிப் போட்டுக்கொண்டால் குடல் அதற்குப் பழகும் வரை ஊதிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்; கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரை ஊற்றிவிட்டுப் புதிய நீரில் அவியுங்கள். மறுபக்கம், குளிரில் தாகம் தெரியாததால் நாம் தண்ணீர் குடிப்பதே குறைவு. மலையில் வேலை செய்யும் பெண்களோ ஒதுங்க இடமில்லாததால் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறார்கள். அது அவர்களுடைய பிழை அல்ல, ஆனால் மலச்சிக்கலும் உப்பிய வயிறும் அவர்களுக்குத்தான் வந்து சேருகின்றன. விடியற்காலையில் வேலைக்குப் போகும் முன்பும், பின்னேரம் வீடு திரும்பியவுடனும் இரண்டிரண்டு கோப்பை வெந்நீர் குடிப்பதாவது அவர்களால் முடியும்.

எங்கள் பக்கத்து உடல்வாகுக்கென்று ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். ஒரே எடையும் உயரமும் உள்ள ஐரோப்பியரைவிடத் தென்னாசியருக்கு உடற்கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றைச் சுற்றியே அதிகம் சேருகிறது. குறைந்த நிறையில் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் வயிற்றில் கொழுப்பு சேரும் போக்கு இருப்பதும், இலங்கையில் நிறை குறைந்த பிறப்புகள் தோட்டப்புறத்தில்தான் அதிகம் என்பதும் அறியப்பட்ட உண்மைகள். மெல்லிய கை கால்களோடு முன்தள்ளிய வயிற்றை, தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயங்களில் நிறையப் பார்க்கிறோம். அதைச் சோம்பலின் அடையாளம் என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர்வதும் இயல்பே.

"நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறோமே, இன்னும் என்ன உடற்பயிற்சி?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. அந்த நடைக்கு உடம்பு பழகிப்போய்விட்டது. இதயத்துக்கு அது நல்லதே, ஆனால் உணவு குறையும் காலத்தில் தசையைக் காப்பாற்ற அது போதாது. வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சி வேண்டும். கதிரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழும்புவதைப் பத்துப் பத்தாக மூன்று தடவையும், லயத்துச் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதை அதேபோலவும் செய்யலாம். முழங்கையையும் கால் விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகை போல இருபது விநாடி பிடித்து நிற்பதைச் சேர்த்துக்கொண்டால் கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். கடைகளிலும் அலுவலகங்களிலும் உட்கார்ந்து வேலை செய்வோர் இதோடு வாரத்துக்கு 150 நிமிட வேக நடையையும் சேர்க்க வேண்டும். படுத்து எழும்பும் வயிற்றுப் பயிற்சியை நூறு முறை செய்தாலும் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. எந்த இடத்துக் கொழுப்பை முதலில் எடுப்பது என்பதை உடம்பே தீர்மானிக்கிறது.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கு அந்தப் பயிற்சி தீங்காகவும் முடியலாம். கர்ப்ப காலத்தில் வயிற்றின் நடுவே இரு பக்கத் தசைகளும் விலகி, சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் ஒன்று சேராமல் நின்றுவிடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தொப்புளுக்கு மேலே விரல்களை நெடுக்காக வைத்துக்கொண்டு தலையை மட்டும் சற்று உயர்த்துங்கள். இரண்டு விரலோ அதற்கு மேலோ உள்ளே இறங்கும் இடைவெளி தென்பட்டால், அல்லது நடுவில் கூம்பு போல மேடு எழும்பினால், முன்தள்ளல் கொழுப்பால் மட்டும் வந்ததல்ல. எவ்வளவு எடை குறைத்தாலும் அது முழுமையாக உள்ளே போகாது. பழைய சேலைத் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டுவது முதுகுக்குக் கொஞ்சம் தாங்கலாக இருக்குமே தவிரத் தசையைச் சேர்க்காது. ஆதார வைத்தியசாலையில் உடலியக்க மருத்துவரை (பிசியோதெரபிஸ்ட்) சந்திக்க முடியுமா என்று உங்கள் பகுதி மிட்வைப் அம்மாவிடம் கேளுங்கள். பால் கொடுக்கும் காலத்தில் கடும் டயட் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவையும் சரிசெய்து, வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறைத்துக்கொண்டு, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். அதற்குள் நாடா ஒரு சென்ரிமீற்றர்கூட அசையவில்லையென்றால் கொப்பியை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போகலாம், அவசரம் இல்லை.

ஆனால் எடை குறையக் குறைய வயிறு பெருத்துக்கொண்டே போனால் எட்டு வாரம் காத்திருக்கக் கூடாது. கண்ணில் மஞ்சள், காலில் வீக்கம் ஆகியவற்றோடு வயிறு உப்பினால் ஈரல் பழுதாகி வயிற்றில் நீர் கட்டியிருக்கலாம். குடிப்பழக்கம் உள்ள வீடுகளில் இதைத் தொப்பை என்று நினைத்துப் பல மாதங்களை வீணாக்கிவிடுகிறார்கள். பெண்களுக்கு, அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, வயிறு தொடர்ந்து உப்பியிருப்பதும், இரண்டு வாய் சாப்பிட்டவுடன் வயிறு நிறைவதும், அடிக்கடி சிறுநீர் போவதும் சில வாரங்களாக நீடித்தால் சூலகத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த டயட்டும் இல்லாமலே எடை குறைவது, அடங்காத தாகம், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் ஆகியவை நீரிழிவுக்கும் காசநோய்க்கும் பரிசோதிக்கப் போதுமான காரணங்கள். அரச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் எடை, வயிற்றுச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்ப்பார்கள். பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குக்கும் போகலாம். போகும்போது திகதி, எடை, சுற்றளவு என்று மூன்று நிரலில் எழுதிய உங்கள் கொப்பியையும் கையில் கொண்டுபோங்கள். நாடாவை மாற்றியிருந்தால் எந்தத் திகதியில் மாற்றினீர்கள் என்பதையும் அதில் குறித்துவையுங்கள்.